லீனியேஜ்ஓஎஸ்: கம்பெனி கைவிட்ட போனுக்கு யார் பொறுப்பு?

போன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி ஒரு நாள் தாங்கும், கேமராவில் குறை சொல்ல எதுவும் இருக்காது, திரையில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் மட்டும் செக்யூரிட்டி பேட்ச் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு மாதத்தில் நின்றுபோயிருக்கும். கம்பெனி அதற்குப் பிறகு எத்தனையோ மாடல்களை விட்டாகிவிட்டது, பழையதைத் திரும்பிப் பார்ப்பதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. இப்படிக் கைவிடப்பட்ட போன்களுக்குப் புது ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையைத்தான் லீனியேஜ்ஓஎஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் செய்கிறது. தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அவர்கள் எழுதும் நிரல் எல்லாம் பொதுவில் இருக்கிறது.

இதை எப்படி இன்ஸ்டால் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டிகள் நிறையவே கிடைக்கின்றன, அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஆண்ட்ராய்டு திறந்த மூலம் என்கிறோமே, அந்தத் திறப்பு ஒரு போனுக்குள் எதுவரை போகிறது, எந்த இடத்தில் கதவு சாத்தப்படுகிறது என்பதை லீனியேஜைப் பார்த்தால் ரொம்பத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். லீனியேஜால் முடிகிற எல்லாவற்றுக்கும் முடியாத எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கதவுதான்.

முதலில் அடிப்படை. கூகுள் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பையும் தயாரித்து முடித்ததும் அதன் மூலநிரலை ஏஓஎஸ்பி (ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டம்) என்ற திட்டத்தின் கீழ் வெளியிடுகிறது; 2008 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. அதில் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, அதாவது எடுத்து மாற்றி விற்கலாம், என்ன மாற்றினோம் என்று யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அடியில் ஓடி வன்பொருளை நேரடியாகக் கையாளும் லினக்ஸ் கெர்னல் மட்டும் ஜிபிஎல் 2 உரிமத்தில் இருப்பதால், அதைத் திருத்திப் போனில் வைத்து விற்கிற கம்பெனி அந்தத் திருத்தங்களைக் கேட்பவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி தராமல் வெளியாட்கள் மாற்றிக் கட்டும் ஆண்ட்ராய்டு என்ற உலகம் இந்த அளவுக்கு வளர்ந்தே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். மறுபக்கம், நாம் ஆண்ட்ராய்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல விஷயங்கள், பிளே ஸ்டோர், மேப்ஸ், ஆப்களுக்கு நோட்டிஃபிகேஷன் கொண்டுவந்து தரும் பிளே சர்வீசஸ், இவை எதுவுமே ஏஓஎஸ்பியில் கிடையாது. அவை கூகுளின் மூடிய மென்பொருள்கள், தனி ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிகள் வாங்குபவை.

இந்த வித்தியாசம் பகிரங்கமாக வெடித்தது 2009இல். முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீம் 2008 கடைசியில் விற்பனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அதில் ரூட் அனுமதி, அதாவது போனின் எந்த மென்பொருளையும் மாற்றும் முழு அதிகாரம் பெறும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்மேல் ஸ்டீவ் காண்டிக் என்ற புரோகிராமர் சயனோஜென் என்ற புனைபெயரில் தான் திருத்திய ஆண்ட்ராய்டை வெளியிட ஆரம்பித்தார், அதற்கு சயனோஜென்மோட் என்று பெயர் வந்தது. 2009 செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது: எங்கள் ஆப்களைச் சேர்த்து விநியோகிக்காதே. அவர் அவற்றை எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். அன்றைக்கு ஏற்பட்ட பிரிவினை இன்றும் அப்படியேதான் இருக்கிறது: ரோம் தனி, கூகுள் ஆப்கள் தனி. வேண்டுமென்பவர் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

2013இல் இந்தத் திட்டத்தைச் சுற்றி சயனோஜென் இன்க் என்று ஒரு கம்பெனி உருவானது, முதலீடு வந்தது, 2014இல் ஒன்பிளஸ் ஒன் போன் கடையிலிருந்து வரும்போதே சயனோஜென்மோட் ஏற்றப்பட்டு வந்தது. கூகுளிடமிருந்து ஆண்ட்ராய்டைப் பறிக்கப்போகிறோம் என்கிற அளவுக்கு அந்தக் கம்பெனியின் பேச்சு இருந்தது. வியாபாரம் தேறவில்லை. 2016 டிசம்பர் கடைசி வாரத்தில், மாத முடிவோடு சேவைகள் எல்லாம் நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். சயனோஜென்மோட் என்ற பெயர் கம்பெனியின் சொத்து, சர்வர்களும் அவர்கள் தயவில் ஓடியவை. நிரல் மட்டும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதனால் அதுவரை உழைத்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு டிசம்பர் 24ஆம் தேதியே லீனியேஜ்ஓஎஸ் என்று புதுப் பெயரில் அறிவித்தார்கள், அடுத்த மாதமே இறக்கிக்கொள்ள பதிப்புகள் தயாராகிவிட்டன. ஒரு கம்பெனி கைவிட்டபின் அதன் இயங்குதளம் ஒரு மாதத்துக்குள் வேறு கைகளில் ஓடத் தொடங்கியது என்பதை யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் போனுக்கோ பிளாக்பெரிக்கோ இந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

சரி, ஒரு போனுக்கு லீனியேஜைக் கொண்டுவருவது என்றால் உண்மையில் என்ன வேலை? கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவதைப் போல ஒரே ஃபைலை எல்லா மாடலிலும் ஏற்றிவிட முடியாது. கம்ப்யூட்டரில் என்னென்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்பதை இயங்குதளம் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொதுவான ஏற்பாடுகள் உண்டு. போனில் அது கிடையாது; எந்த இணைப்பில் எந்த சென்சார், திரைக்கு எந்த வரிசையில் மின்சாரம் கொடுக்க வேண்டும், கேமராவை எப்படி எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். அதனால் லீனியேஜ் மாடலுக்கு மாடல் தனித்தனியாகக் கட்டப்படுகிறது. அப்படிக் கட்டுவதற்கு ஏஓஎஸ்பி அடித்தளம் போக மூன்று விஷயங்கள் தேவை: அந்த போனின் அமைப்பைச் சொல்லும் டிவைஸ் ட்ரீ, அந்த போனுக்கென்று திருத்தப்பட்ட கெர்னல், அப்புறம் பிளாப்.

பிளாப் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. குவால்காம், மீடியாடெக் மாதிரியான சிப் கம்பெனிகள் கிராஃபிக்ஸ், மோடம், கேமரா, கைரேகை சென்சார், படம், பாட்டு ஆகியவற்றின் நகலெடுப்பைத் தடுக்கும் டிஆர்எம் ஆகியவற்றை இயக்கும் நிரலின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே வைக்கின்றன. கெர்னலுக்குள் இருந்தால் ஜிபிஎல் பிடிக்கும், வெளியே இருந்தால் பிடிக்காது, அவ்வளவுதான் கணக்கு. இந்த வெளிப்பகுதி மூலநிரலாக வருவதில்லை, கம்பைல் செய்யப்பட்ட பைனரியாக மட்டுமே போனில் இருக்கும். லீனியேஜ் பராமரிப்பாளர்கள் கம்பெனி கடைசியாக விட்ட அப்டேட்டிலிருந்து இந்த ஃபைல்களை அப்படியே உருவி எடுத்துப் புது ஆண்ட்ராய்டோடு சேர்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு 9க்காகக் கட்டப்பட்ட ஒரு கேமரா பைனரி ஆண்ட்ராய்டு 14 அல்லது 15உடன் பேச வேண்டும். அது தேடும் ஏதோ ஒரு செயல்கூறு புதுப் பதிப்பில் நீக்கப்பட்டிருக்கும். அதை ஈடுகட்ட இடையில் ஒரு சின்ன ஒட்டு நூலகத்தை எழுதிச் செருகுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒன்றை வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து, பிழைப் பதிவுகளை (லாக்) படித்துப் படித்து வேலை செய்ய வைப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை, ரோம் வந்தவுடன் கேமரா சரியில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் வந்த டிரெபிள் திட்டம் இதைக் கொஞ்சம் எளிதாக்கியது. சிப் கம்பெனியின் பகுதிக்கும் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கும் நடுவே ஒரு நிலையான எல்லையைப் போட்டு, ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்றலாம் என்று ஆக்கினார்கள். கூகுள் அதைச் செய்தது கம்பெனிகள் சீக்கிரம் அப்டேட் தரட்டும் என்றுதான், ஆனால் தன்னார்வலர்களுக்கும் அது பெரிய உபகாரமாக அமைந்தது.

கெர்னல் திறந்திருப்பதால் அது பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சிப் எந்தக் கெர்னல் பதிப்போடு வந்ததோ பெரும்பாலும் அதிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். குவால்காமின் ஸ்னாப்டிராகன் 845 சிப் வந்தது 4.9 கெர்னலோடு, அந்த 4.9க்கான நீண்டகால ஆதரவை லினக்ஸ் தரப்பு 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது, 4.14க்கு 2024 ஜனவரியில். அதற்குப் பிறகு வெளியாகும் ஓட்டைகளுக்கான திருத்தங்களைப் பராமரிப்பாளர் தன் கையால் பழைய கெர்னலுக்கு ஏற்றபடி மாற்றி எழுத வேண்டும். சில சமயம் அதுவும் போதாமல் போகும். ஆண்ட்ராய்டு 12இல் கூகுள் நெட்வொர்க் கணக்கு வைக்கும் பழைய முறையைக் கைவிட்டு ஈபிபிஎஃப் என்ற புது முறைக்கு முழுசாக மாறியது. 3.x காலத்துக் கெர்னல்களில் அதற்கான ஆதாரமே இல்லை, பின்னோக்கிக் கொண்டுபோவதும் அப்போது நடைமுறையில் ஆகாத காரியமாக இருந்தது. அதனால் 2022 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 12ஐ அடிப்படையாகக் கொண்ட லீனியேஜ் 19 வந்தபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான பழைய மாடல்கள் ஒரே அடியில் பட்டியலுக்கு வெளியே போயின.

யார் இந்தப் பராமரிப்பாளர்கள் என்றால், பெரும்பாலும் அந்தந்த போனைக் கையில் வைத்திருக்கும் சாதாரண புரோகிராமர்கள். ஒரு மாடலுக்கு ஒருவர், இரண்டு பேர், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று பேர். ஒவ்வொரு மாற்றமும் பொதுவில் பார்க்கக்கூடிய கெரிட் என்ற பரிசீலனை அமைப்பு வழியாகத்தான் உள்ளே போகும். அதிகாரபூர்வப் பட்டியலில் ஒரு போன் சேர வேண்டுமானால் எழுதிவைத்த தகுதி விதிகள் உண்டு: அழைப்பு, வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ், கேமரா என்று கம்பெனி மென்பொருளில் வேலை செய்தவை இங்கேயும் வேலை செய்ய வேண்டும். மற்ற பல ரோம்கள் அலங்காரத்தில் போட்டி போடும்போது லீனியேஜ் இந்த விஷயத்தில் கறாராக இருப்பதுதான் எனக்கு அதன்மேல் மரியாதை வரக் காரணம். ஆனால் அந்த ஒருவர் போனை மாற்றிவிட்டாலோ, வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிட்டாலோ, அந்த மாடலின் வாராந்திர அப்டேட் நின்றுவிடும். நிரல் எல்லாம் அங்கேயே இருக்கும், எடுத்து நடத்த ஆள் இருக்காது.

பாதுகாப்பு பற்றி நேராகப் பேசிவிடலாம், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். லீனியேஜ் போட்டால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கு அந்தந்த மாதத் திருத்தங்கள் வருகின்றன, கெர்னலுக்கும் முடிந்த அளவு வருகின்றன. பிளாப்களுக்கும், மோடம் சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளுக்கும் வராது. பிளாப்களின் மூலநிரலும், ஃபர்ம்வேர் அசல்தான் என்று டிஜிட்டல் கையெழுத்திடும் சாவியும் கம்பெனிகளிடம் இருக்கின்றன, கம்பெனியோ போய்விட்டது. இதை மறைக்காமல் செட்டிங்ஸிலேயே இரண்டு தேதிகளைத் தனித்தனியாகக் காட்டுகிறார்கள்: ஆண்ட்ராய்டு பேட்ச் தேதி ஒன்று, வெண்டர் பேட்ச் தேதி இன்னொன்று. முதலாவது போன மாதமாகவும் இரண்டாவது நான்கு வருஷம் பழையதாகவும் இருப்பது சகஜம். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் நான் முதலில் சொன்ன சாத்தப்பட்ட கதவு.

இன்னொன்று பூட்லோடர், போன் எழும்போது எந்த இயங்குதளத்தை ஓடவிடலாம் என்று முடிவு செய்யும் நிரல். லீனியேஜ் ஏற்ற அதைத் திறந்தாக வேண்டும், பெரும்பாலான மாடல்களில் பிறகு பூட்டவும் முடியாது. திறந்த பூட்லோடர் உள்ள போன் திருடன் கையிலோ, சில நிமிஷம் தனியாக யாராவது வேண்டாதவர் கையிலோ சிக்கினால், உள்ளே இருக்கும் மென்பொருளையே மாற்றிவைத்துவிடும் அபாயம் உண்டு. இன்டர்நெட் வழியாக வரும் தாக்குதலுக்கு பேட்ச் உள்ள லீனியேஜ் மேல். கையில் கிடைத்தவர் செய்யும் தாக்குதலுக்குப் பூட்டிய போன் மேல். உங்கள் பயம் எது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். இரண்டுமே வேண்டும் என்றால் கிராஃபீன்ஓஎஸ் பக்கம் போக வேண்டும், அவர்கள் கூகுளின் பிக்சல் போன்களை மட்டும் ஆதரித்து, தங்கள் சொந்தச் சாவியால் பூட்லோடரைத் திரும்பப் பூட்டவைக்கிறார்கள். கைவிடப்பட்ட பழைய போனைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கமே இல்லை, ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் திட்டுவது அர்த்தமில்லாத வேலை.

திட்டத்தின் சொந்தப் பாதுகாப்பு எப்படி என்று கேட்டால் 2020 மே மாதம் ஒரு சோதனை நடந்தது. சால்ட்ஸ்டாக் என்ற சர்வர் நிர்வாக மென்பொருளில் வெளியான ஓட்டை வழியாக லீனியேஜின் சர்வர்களுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். ரோம்களில் கையெழுத்திடும் சாவிகள் அந்த சர்வர்களிலிருந்து முற்றிலும் தனியாக வைக்கப்பட்டிருந்ததால் அவை தப்பின, மூலநிரலும் பாதிக்கப்படவில்லை. நடந்ததை உடனே பொதுவில் சொல்லவும் செய்தார்கள்.

கூகுள் இல்லாமல் தினசரி வாழ்க்கை சாத்தியமா? சாத்தியம்தான், ஓரளவுக்கு. எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்திலிருந்து திறந்த மூல ஆப்களை ஏற்றிக்கொண்டு வெறும் லீனியேஜில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளே சர்வீசஸ் இருப்பதாக ஆப்களை நம்பவைக்கும் மைக்ரோஜி என்ற திறந்த மூல மாற்று உண்டு. அது வேலை செய்ய கூகுளின் கையெழுத்தைப் பாவனை செய்ய அனுமதி தேவை என்பதால் லீனியேஜ் வருஷக்கணக்காக அதை மறுத்து வந்தது, 2024இல்தான் மைக்ரோஜிக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஏற்றுக்கொண்டது. லீனியேஜை அடித்தளமாக வைத்து, மைக்ரோஜியையும் சேர்த்தே தருகிற /ஈ/ஓஎஸ்ஸும் இருக்கிறது, மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் துவாலின் திட்டம் அது.

வங்கி ஆப்களில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுளின் சேவையை வைத்து, இந்தப் போன் நம்பத்தக்கதா என்று ஆப் கேட்கும். பூட்லோடர் திறந்திருந்தால் போனுக்குள் இருக்கும் வன்பொருள் சாவியே அதைச் சொல்லிவிடும், சாதன அளவிலான சோதனையில் லீனியேஜ் தேறாது. கம்பெனியின் பழைய மென்பொருளோடு, வருஷக்கணக்கில் பேட்ச் பார்க்காத போன் அதே சோதனையில் தேறிவிடும். அந்தச் சோதனையின் மிகக் கடுமையான நிலைக்கு மட்டும், அதுவும் ஆண்ட்ராய்டு 13இலும் அதற்கு மேலும், கடந்த ஒரு வருஷத்துக்குள் பேட்ச் வந்திருக்க வேண்டும் என்று 2025இல் நிபந்தனை சேர்த்தார்கள், அது நல்ல மாற்றம். ஆனாலும் இந்தச் சோதனை அடிப்படையில் அளப்பது கூகுள் அங்கீகரித்த மென்பொருளா என்பதைத்தான், எவ்வளவு பாதுகாப்பானது என்பதை நேரடியாக அளப்பதில்லை. வங்கி, அரசாங்க சேவை எல்லாம் ஆப் வழியே மட்டும் என்று ஆகும்போது, தன் போனில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை சத்தமில்லாமல் பறிபோகிறது.

குரல் அழைப்பிலும் இதே மூடிய கதவு உண்டு. 4ஜி வழியே பேசும் வோல்டே வசதிக்கான நிரல் மூடியது. சாம்சங் போன்ற சில கம்பெனிகள் அதைத் தங்கள் சொந்த ஆண்ட்ராய்டுக்குள்ளேயே பின்னிவைத்திருப்பதால் பிரித்தெடுத்து லீனியேஜில் பொருத்த முடிவதில்லை. 2ஜியும் 3ஜியும் இருந்தவரை அழைப்பு அதில் இறங்கிக்கொள்ளும், அவை நிறுத்தப்பட்ட இடங்களில் வோல்டே இல்லாத போனிலிருந்து சாதாரண அழைப்பே போகாது.

மேல்மட்டத்திலும் நிலைமை இறுகிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் கூகுள் ஆண்ட்ராய்டு உருவாக்கம் முழுவதையும், அதுவரை பொதுவில் நடந்த பகுதியையும் சேர்த்து, உள்ளுக்குள் மாற்றுவதாகவும், பதிப்பு முடிந்த பிறகே நிரல் வெளியே வரும் என்றும் சொன்னது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16இன் நிரல் வந்தபோது பிக்சல் போன்களுக்கான டிவைஸ் ட்ரீ அதில் இல்லை. அதுவரை பிக்சல்தான் எல்லோருக்கும் மாதிரி போனாக இருந்தது. இப்போது அதற்கும் மற்ற போன்களைப் போலவே தன்னார்வலர்கள் தாங்களே தோண்டி எடுத்து எழுத வேண்டும். அப்படியும் அக்டோபரில் ஆண்ட்ராய்டு 16ஐ அடிப்படையாகக் கொண்ட லீனியேஜ் 23 வெளியாகிவிட்டது. நிரல் இன்னும் திறந்ததுதான், உரிமம் மாறவில்லை, ஆனால் வேலை செய்கிறவர்களின் சுமை கூடியிருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. 2023இல் பிக்சல் 8உடன் கூகுள் ஏழு வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற தேதியிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருள் அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பொறுப்பு முதலிலிருந்தே கம்பெனிகளுடையதுதான், தன்னார்வலர்கள் தலையில் விழுந்ததே தவறு. ஆனால் ஏழு வருஷம் முடிந்த அன்றும் ஒரு போன் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த போன் வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள நினைத்தால் பார்க்க வேண்டியது மூன்று. பூட்லோடரைத் திறக்க கம்பெனி அனுமதிக்கிறதா? ஹுவாவே 2018இலேயே திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் திறக்க முடிகிற மாடல்களில்கூட கஸ்டம் மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் என்ற சாம்சங் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஃபியூஸ் போய்விடும், அது திரும்ப வராது. இரண்டாவது, மாடல் எண். ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு நாடு வேறு சிப்போடு வரும், ஒன்றுக்கு ரோம் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. மூன்றாவது, லீனியேஜின் சாதனப் பட்டியலில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து பராமரிப்பாளர் பெயர் இருக்கிறதா, கடைசி பதிப்பு எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று பாருங்கள். போன வாரத் தேதி இருந்தால் தைரியமாக இறங்கலாம்.